என் முதுகை யார் படமெடுப்பது?

சங்கரன்கோவில்காரன் தோல் வியாதிக்கு மதுரைக்குப் பஸ் ஏறுகிறான் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். தேமல், படை, சிரங்கு என்று எங்கிருந்தெல்லாமோ ஜனங்கள் எங்கள் கோயில் புற்றுமண்ணைத் தேடி வருகிறார்கள். நெற்றியில் இட்டுக்கொண்டு, உடம்பில் பூசிக்கொண்டு, ஒரு பொட்டலம் மடித்து வீட்டுக்கும் கொண்டுபோகிறார்கள். நான் அந்தக் கோபுரத்தைப் பார்த்தபடி பஸ் ஸ்டாண்டுக்குப் போவேன். புற்றுமண்ணை விட்டுவைத்தேன் என்றில்லை. அம்மா இருந்தவரை ஒவ்வொரு ஆடித்தபசுக்கும் பூசிவிட்டாள். அவள் மனசு ஆறியது. தோல் ஆறவில்லை.

எனக்கு இருப்பது சொரியாசிஸ். சித்த வைத்தியர்கள் காளாஞ்சகப்படை என்பார்கள். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி தோலிடமே சண்டைக்குப் போவதால் வருகிற வீக்கம் இது. சாதாரணமாக ஒரு மாதம் எடுத்துக்கொண்டு மேலே வந்து உதிர வேண்டிய செல்கள் நாலைந்து நாளில் வந்து குவிந்துவிடும். அதுதான் அந்தத் தடிப்பு, அந்த வெள்ளைச் செதில். ஒட்டுவாரொட்டி இல்லை. அடியோடு தீர்வதும் இல்லை. அடக்கலாம், மறுபடி கிளம்பும், மறுபடி அடக்கலாம். அதனால் டாக்டரும் ஆயுசுக்கும் வேண்டும்.

வெட்கத்தைப் பற்றிச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் விளங்காது. இருபத்தைந்து வயதில் முழங்கையில் ஆரம்பித்தது. முப்பதுக்குள் முதுகு, இடுப்பு, தலை என்று பரவிவிட்டது. அரைக்கைச் சட்டையை விட்டேன். முடிவெட்டக் கூட்டமில்லாத மத்தியான நேரம் பார்த்துப் போவேன். திருச்செந்தூரில் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் முருகனைப் பார்க்க முடியும். குடும்பத்தோடு அங்கே போகும்போதெல்லாம் நான் செருப்புக்கும் பைக்கும் காவல். "ஆபீஸ்ல இருந்து போன் வரும், நீங்க பாத்துட்டு வாங்க" என்பேன். கூட்டுறவுச் சங்கத்து குமாஸ்தாவுக்கு ஞாயிற்றுக்கிழமை எவன் போன் பண்ணுவான்? யாரும் கேட்டதில்லை. கேட்காமலிருப்பது எங்கள் வீட்டில் ஒரு மரியாதை. வீட்டில்கூடக் கதவைச் சாத்திக்கொண்டுதான் சட்டை மாற்றுவேன். விடியுமுன் என் மனைவி படுக்கை விரிப்பைப் புழக்கடைக்குக் கொண்டுபோய் உதறுவாள். அந்தச் சத்தம் எனக்குக் கேட்கும் என்பது அவளுக்குத் தெரியும். அதைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

மருந்துக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இந்த நோய்க்காரர் எல்லாருக்கும் அது ஒரே கதைதான். சீட்டில்லாமல் மெடிக்கலில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு ஆயின்மென்ட், தோல் மெலிந்து காகிதமாகும்வரை. பிறகு யாரோ சொல்லி ஒருவரிடம் போட்ட ஊசி. ஒரே வாரத்தில் உடம்பு பளபளவென்று ஆகி, ஊசியின் வேகம் இறங்கியதும் முன்பைவிட இரண்டு மடங்காகக் கிளம்பியது. அதற்கப்புறம்தான் மதுரை டாக்டரம்மா. மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை, வாரத்தில் ஒரே ஒரு நாள். கூட ஃபோலிக் ஆசிட். மாதம் தவறாமல் ரத்தப் பரிசோதனை, ஈரல் ஒழுங்காக இருக்கிறதா என்று.

நல்ல டாக்டர். ஆனால் அவர் அறையில் எப்போதும் மூன்று பேர் இருப்போம்: ஸ்டூலில் நான், எனக்குப் பின்னால் பெஞ்சில் அடுத்த ஆள், வாசல் திரையைப் பிடித்தபடி அதற்கும் அடுத்தவர். "முதுகுல எப்படி இருக்கு சார்?" என்பார். "பரவால்ல டாக்டர்" என்பேன். சட்டையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டுவேன். மூன்று மணி நேரத்துக்கு மேல் பஸ்ஸில் போய், டோக்கன் போட்டுக் காத்திருந்து, காட்டியது அவ்வளவுதான்.

2020 மார்ச் 25-ந் தேதி நாடு மூடப்பட்டது. டாக்டர்கள் போனிலும் வீடியோவிலும் வைத்தியம் பார்ப்பதற்கான விதிமுறைகளை மத்திய அரசு வெளியிட்டதும் அதே தேதியில்தான். அதுவரை அப்படி எழுதித் தருவது செல்லுமா செல்லாதா என்று டாக்டர்களுக்கே குழப்பம். ஆறு மாதத்துக்குள் நேரில் பார்த்த நோயாளியை அதே நோய்க்காக மறுபடி பார்த்தால் அது தொடர் ஆலோசனை. பழைய மருந்தைத் திரும்ப எழுதித் தரலாம். புதிதாக வருகிறவருக்கு எழுதித் தரக்கூடிய மருந்துகளுக்கு வரம்பு உண்டு. நான் ஜனவரியில் போய் வந்திருந்தேன், தப்பித்தேன். பதிவு எண் போட்ட சீட்டு வாட்ஸ்அப்பில் வந்தது. எங்கள் ஊர் மெடிக்கல்காரர் அதை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத்தான் மாத்திரையைக் கொடுத்தார். ஊரடங்கில் மனிதர்கள் எல்லாவற்றையும் சந்தேகமாகப் பார்த்த நேரம்.

முதல் வீடியோ அழைப்பு ஒரு கூத்து. நான் குளித்து, தேங்காய் எண்ணெய் தடவி, முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு ட்யூப்லைட்டுக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன், பெண் பார்க்க வந்தவன் தோரணையில்.

"கையைக் காட்டுங்க... சார், உங்க வயசைவிட முழங்கைக்கு வயசு கம்மியா இருக்கே?"

முன்பக்கக் கேமராவில் முகத்தை வழவழப்பாக்கும் வசதி தானாகவே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அது என் செதிலையும் துடைத்துவிட்டது. மகன் வந்து அதை அணைத்தான். டாக்டர் பாடம் எடுத்தார். வீடியோவில் படம் குழம்பும், அதனால் முந்தின நாளே போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். ஜன்னல் வெளிச்சத்தில் எடுக்க வேண்டும், ஃபிளாஷ் கூடாது. ஒவ்வோர் இடத்துக்கும் எட்ட நின்று ஒன்று, கிட்டப் போய் ஒன்று. பக்கத்தில் ஒரு பத்து ரூபாய் நாணயம், அளவு தெரிவதற்கு. எடுக்கிற அன்றைக்கு எண்ணெய் தடவக் கூடாது, தடவினால் செதில் படிந்து, இல்லாதது போலத் தெரியும். நகங்களையும் எடுக்க வேண்டும். நகத்தில் ஊசி குத்தினாற்போலக் குழிகள் இருந்தால் மூட்டையும் கவனிக்க வேண்டுமாம். எல்லாம் சரி.

"முதுகு?"

"எனக்கு எட்டாதே டாக்டர்."

"வீட்ல யாராவது இருக்காங்கல்ல? அவங்களை எடுக்கச் சொல்லுங்க."

அழைப்பு முடிந்த பிறகும் வெகுநேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மகனிடம் சொல்லலாம். இருபது வயதுப் பையன். அவனுக்கும் இது வருமோ என்ற பயம் எனக்குள் உண்டு, குடும்பத்தில் ஓடக்கூடிய நோய் இது. அவனிடம் காட்ட மனசு வரவில்லை. கடைசியில் மனைவியிடம் போனை நீட்டி, "முதுகை ஒரு போட்டோ எடுக்கணுமாம்" என்றேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "சட்டையைக் கழட்டுங்க" என்றாள், பிள்ளையைக் குளிப்பாட்டக் கூப்பிடும் குரலில். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றேன். படம் எடுத்த சத்தம் கேட்கவேயில்லை. என்ன ஆச்சு என்று திரும்பினால், போனைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு வெறும் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது பழசு. இந்த இடுப்புக்கு மேல இருக்கறது தீபாவளிக்கு அப்புறம் வந்தது. தோள்பட்டைல இருந்த பெருசு இப்ப நடுவுல ஆறியிருக்கு, உங்களுக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது. எப்படித் தெரியும்? நான் பதினைந்து வருஷமாக யாருக்கும் காட்டாமல் வைத்திருந்த முதுகின் சரித்திரம் முழுவதும் அவளிடம் இருந்தது. நான் தூங்கும்போது பனியன் மேலே ஏறியிருக்கும். காலையில் விரிப்பை எடுக்க வருகிறவள் பார்ப்பாள்தானே. பிறகு ஒன்று யோசித்தேன். மதுரைக்கு நான் தனியாகத்தான் போவேன். டாக்டர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் விடை தெரிந்த ஆள் சங்கரன்கோவிலில் அடுப்படியில் இருந்தாள்.

அடுத்தடுத்த அழைப்புகளில் டாக்டர் என்னிடம் பேசுவதையே குறைத்துக்கொண்டார். "மேடம் இருக்காங்களா?" என்பார். போன் கை மாறும். என் உடம்பைப் பற்றி இரண்டு பெண்கள் எனக்கு முன்னாலேயே பேசிக்கொள்வார்கள். சொன்னால் என்ன, முதலில் எனக்கு அது பிடிக்கவில்லை.

நோய் உடம்பில் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று பார்க்கத் தோல் டாக்டர்களிடம் ஒரு கணக்கு இருக்கிறது. நோயாளியின் கை, விரல்களைச் சேர்த்து வைத்தால், அவர் உடம்புத் தோலில் ஏறக்குறைய ஒரு சதவீதம். என் கையை என் முதுகில் வைத்து நான் எப்படி அளப்பது? என் மனைவி பழைய காலண்டர் அட்டையில் என் கையைப் பதித்து, பென்சிலால் கோடு போட்டு, கத்தரித்து எடுத்தாள். அந்த அட்டைக் கையை முதுகில் வைத்து நகர்த்தி நகர்த்தி எண்ணினாள். அரைக் கை, முக்கால் கை என்று சத்தமாகக் கூட்டினாள், கடையில் துணி அளக்கிற கணக்கில். அந்த அட்டை இன்னும் பீரோவுக்குள் இருக்கிறது. எங்கள் வீட்டில் எதையும் எறிவதில்லை.

கேமராவுக்குப் பிடிபடாதது தடிப்பு. சொரியாசிஸின் தீவிரத்துக்கு மதிப்பெண் போடும்போது சிவப்பு, செதில், தடிப்பு மூன்றையும் பார்க்கிறார்கள். இதில் சிவப்பு நம் நிறத்தில் சிவப்பாகவே தெரியாது. ஊதா கலந்த கறுப்பாகவோ சாம்பலாகவோ தெரியும், மட்டமான போனில் அதுவும் தெரியாது. தடிப்பைத் தொட்டுத்தான் சொல்ல முடியும். "மேடம், கண்ணை மூடிக்கிட்டு நல்ல தோல்ல இருந்து விரலை இழுத்துக்கிட்டே வாங்க. எங்க மேடு ஆரம்பிக்குதுன்னு விரலுக்குத் தெரியுதா?" என்றார் டாக்டர். போன் ஜன்னல் கட்டையில் சாய்ந்திருந்தது. முதுகில் ஆள்காட்டி விரல் மெதுவாக வந்தது. "இங்க தெரியுது... இங்க லேசாத்தான்... இது மட்டம், கண்ணைத் தொறந்தாத்தான் தெரியுது." அந்த முதுகை அவள் தொட்டு எத்தனை வருஷம் ஆகியிருக்கும் என்று நான் கணக்குப் போடவில்லை. சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டேன்.

ஆயின்மென்ட் அளவையும் அப்படித்தான் கற்றோம். ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் கோடு வரை ட்யூபிலிருந்து பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். அது இரண்டு கை அகலத்துக்குப் போதும். டாக்டர் தன் விரலிலேயே பிதுக்கிக் காட்டினார். அதுவரை நான் பயந்து பயந்து பொட்டு வைக்கிற அளவுதான் தடவியிருக்கிறேன். மருந்து கேட்கவில்லை என்று அலுத்துக்கொண்டதில் பாதிக்கு அதுதான் காரணம். ஐந்து நிமிஷ ஓ.பி.யில் இதை யார் காட்ட முடியும்? ஒவ்வோர் அழைப்பிலும் மாத்திரை அட்டையைக் கேமரா முன் பிடிக்கச் சொல்வார். மெத்தோட்ரெக்ஸேட் பல அளவுகளில் வருகிறது, கடையில் ஒன்றுக்கு ஒன்று மாறிவிடலாம். வாரத்துக்கு ஒன்றை நாளுக்கு ஒன்றாகச் சாப்பிட்டு, வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் விழுந்து உயிருக்கே ஆபத்தானவர்கள் உண்டு. எங்கள் வீட்டில் மாத்திரை நாள் ஞாயிறு. தினசரி காலண்டரில் அந்தத் தாளின் மூலையை மனைவி மடித்துவிடுவாள்.

ஒரு தடவை டாக்டர் ஒரு கேள்வித்தாளை அனுப்பினார். தோல் நோய் ஒருவரின் வாழ்க்கையை எவ்வளவு பாதிக்கிறது என்று அளக்க இங்கிலாந்துக்குப் பக்கத்து வேல்ஸில், கார்டிஃப் நகரத்தில் ஃபின்லே, கான் என்ற இருவர் 1994-ல் உருவாக்கியது. பத்தே கேள்விகள், எல்லாம் கடந்த ஒரு வாரத்தைப் பற்றி. அரித்ததா, கூச்சமாக இருந்ததா, உடுத்துவதை மாற்றினீர்களா, வேலை கெட்டதா. ஒரு கேள்வி தாம்பத்தியத்தைப் பற்றி. பெஞ்சில் அடுத்த ஆள் இருக்கும் அறையில் இதைக் கேட்டிருந்தால் "ஒண்ணுமில்ல" என்றிருப்பேன். வீட்டிலோ வேறு சங்கடம்: மூக்குக் கண்ணாடியைத் தேடப் போன நேரத்தில் மனைவி எடுத்துப் படித்துவிட்டாள். படித்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டாள். நான் உண்மையை எழுதினேன். மொத்தம் 30-க்கு 11-ஐத் தொட்டாலே பாதிப்பு மிக அதிகம் என்று பொருள். என்னுடையது தொட்டுத் தாண்டியது. பதிலாக டாக்டர் போன் செய்து, தொடை இடுக்கிலும் இருக்கிறதா என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் நான் சொல்லாத இடம் அது. "போட்டோ வேண்டாம் சார். எப்படி இருக்குன்னு வார்த்தைல சொல்லுங்க, போதும்" என்றார். அங்கே முதுகுக்குப் போடுகிற வீரியமான ஆயின்மென்ட்டைப் போடக் கூடாது என்று வேறு எழுதிக் கொடுத்தார். போட்டோ வேண்டாம் என்று சொன்னாரே, அந்த ஒரு வார்த்தைக்காகவே அந்த அம்மாவைக் கும்பிடலாம்.

போட்டோ என்றதும் ஞாபகம் வருகிறது. என் போனில் எடுத்த படங்கள் மகன் போட்டுக்கொடுத்த கணக்கில் தானாகவே சேமிப்பாகிவந்தன. ஒரு நாள் சாயங்காலம் போன் என்னைக் கேட்காமலே என் முதுகுப் படங்களை வரிசையாகக் கோத்து, பின்னணியில் வயலின் இசை சேர்த்து, இனிய நினைவுகள் என்று கொடுத்தது. மகன்தான் முதலில் பார்த்தான். இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். அவனிடம் காட்டக் கூடாது என்று நான் காத்துவந்தது அத்தோடு போயிற்று.

வீடியோவில் முடியாததும் உண்டு. அந்த வருஷம் ஜூனில் இடது மோதிர விரல் வீங்கி மோதிரம் கழலவில்லை. காலையில் கை மடங்க வெகுநேரம் ஆனது. டாக்டர் இரண்டு கையையும் கேமரா முன் நீட்டச் சொன்னார், மூடித் திறக்கச் சொன்னார், விறைப்பு எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கேட்டார். அரை மணிக்கு மேல் என்றேன். "இதை போன்ல பாக்க முடியாது சார். நான் அமுக்கிப் பாக்கணும், எக்ஸ்ரே வேணும். கிளம்பி வாங்க." சொரியாசிஸ் வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு மூட்டிலும் அதே வீக்கம் இறங்கும், விட்டுவிட்டால் மூட்டு கோணிக்கொள்ளும், திரும்பாது. அப்போது மாவட்டம் தாண்ட இ-பாஸ் வேண்டும். மதுரையில் ஜூன் 24 முதல் முழு ஊரடங்கு வேறு. டாக்டரின் கடிதத்தை வைத்து விண்ணப்பித்து, மதுரை திறந்ததும் வாடகைக் காரில் போனோம். இந்தத் தடவை இரண்டு பேராக. மூட்டுக்கும் வந்துவிட்டது உறுதியானது. நகப் படத்தில் குழிகளைப் பார்த்திருந்ததால்தான் அவர் உஷாராக இருந்தார்.

அமெரிக்காவில் 2018-ல் வெளிவந்த ஓர் ஆய்வை மகன் தேடிப் படித்துச் சொன்னான். சொரியாசிஸ் உள்ள 296 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு வருஷம் ஒரு பிரிவை இணையம் வழியாகவும் மற்றதை நேரிலும் கவனித்தார்கள். இரண்டு பிரிவிலும் நோய் ஒரே அளவுக்குக் குறைந்தது. நல்ல செய்திதான். அத்தனை பேருக்கும் முதுகைப் படமெடுத்தது யார் என்று கேட்கத்தான் எனக்குத் தோன்றியது. தொலைவழி வைத்தியம் என்று பேசுகிறவர்கள் இணைய வேகத்தைப் பற்றிப் பேசுகிறார்கள், செயலியைப் பற்றிப் பேசுகிறார்கள். எனக்கு வேலை செய்தது எங்கள் வீட்டு ஜன்னலும், கூச்சப்படாத ஓர் ஆளும். அந்த ஆள் இல்லாதவர், தனியாக இருப்பவர், போன் அடுத்தவர் கையில் இருப்பவர், இவர்களுக்கெல்லாம் இந்த வசதி பாதிதான்.

எங்கள் பக்கத்துத் தெரு அக்காவுக்கும் இதே நோய். அவரிடம் இருப்பது பட்டன் போன்; வீட்டில் நல்ல போன் மருமகனுடையது, அதில் எடுக்க மாட்டேன் என்றுவிட்டார். என் மனைவி காதுக்கு விஷயம் வந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைக் கூட்டிவந்தாள். நான் வாசல் திண்ணைக்கு அனுப்பப்பட்டேன். உள்ளே ஜன்னலடியில் படம் எடுப்பதும், அட்டைக் கை வெட்டுவதும் நடந்தது. அக்காவின் கை அளவில் புதிதாக ஒன்று. டாக்டரிடம் காட்டினார்கள். அவர் பார்த்துவிட்டு, ஈரப்பதத்துக்கு ஒரு களிம்பு மட்டும் சொல்லிவிட்டு, மாத்திரையெல்லாம் முதல் தடவை நேரில் பார்க்காமல் தர மாட்டேன், கூட்டிவாருங்கள் என்றுவிட்டார். அக்காவுக்கு ஏமாற்றம். பஸ்ஸில் போக வேண்டாம் என்றுதானே இந்தப் பாடு?

வருகிற புதன்கிழமை முதல் பஸ்ஸுக்கு இருவரும் மதுரை கிளம்புகிறார்கள். ரவிக்கையைக் கழற்றச் சொல்வாரா, பெஞ்சில் ஆட்கள் இருப்பார்களா என்று அக்கா கேட்டுக்கொண்டே இருக்கிறார். திரைக்கு வெளியே எல்லாரையும் நிற்கச் சொல்லிவிட்டுத்தான் காட்ட வேண்டும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறாள் என் மனைவி. நானும் வரட்டுமா என்று கேட்டுப் பார்த்தேன்.

"நீங்க எதுக்கு? உங்களுக்குத்தான் வீடியோ இருக்கே."